பந்தலூர் மலையில் ஒரு சிறு மருத்துவமனையும் தரச் சான்றும்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றுகிறேன். ஐம்பது படுக்கைகள் வரையுள்ள மருத்துவமனைகளுக்கென, இந்தியத் தரக் குழுமத்தின் அங்கமாக மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் என்.ஏ.பி.எச். வழங்கும் தொடக்கநிலைச் சான்றுக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது, அந்த வேலை முழுவதையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைகளிலிருந்து அவ்வப்போது சிலர் இதைப் பற்றி விசாரிப்பதால், எங்களுக்கு உண்மையில் எது கடினமாக இருந்தது, எது பயன் தந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

உரிமங்களைத் திரட்டுவதுதான் முதல் வேலை. கழிவு மேலாண்மைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, மாநிலச் சட்டத்தின் கீழ் மருத்துவமனைப் பதிவு, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவற்றில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். இதில் அலைச்சல் உண்டே தவிர, சிக்கல் இல்லை. நடைமுறைக் கையேடுகளைத் தயாராக எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாதிரிக்கு வாங்கிப் பார்த்த கையேட்டில் மின்தூக்கிப் பராமரிப்புக்கென்று தனி அத்தியாயமே இருந்தது. எங்கள் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. அதன்பின் கையேட்டை நாங்களே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது, நோயாளி யார் என்பதைச் சரியாக அடையாளம் காணும் விதியில்தான். மருந்து கொடுப்பதற்கும், இரத்த மாதிரி எடுப்பதற்கும், இரத்தம் ஏற்றுவதற்கும் முன்னர் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், படுக்கை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பது விதி. பெயரும் பிறந்த தேதியும் போதும் என்று பெருநகர மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் வருபவர்களில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடியினரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும், மலையாளம் பேசுவோரும் இருக்கிறார்கள். மாதன், பொம்மன், மாதி, பொம்மி என்ற பெயர்கள் ஒரே வார்டில் இரண்டு மூன்று வந்துவிடும். ஆதார் அட்டையில் பலருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஒருமுறை பிள்ளையை வார்டில் சேர்த்துவிட்டுத் தகவல் சொல்ல ஊர்ச் சுகாதாரப் பணியாளரை அழைத்தபோது, "எந்த மாதன் மகன் சிஸ்டர்? எங்க ஊர்லயே மாதன் மூணு பேர் இருக்காங்களே" என்றார்.

ஆகவே பெயருடன் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் கைப்பட்டையில் எழுதி, சேர்க்கையின்போதே ஊர்ப் பெயரையும் தாய் தந்தையரில் ஒருவர் பெயரையும் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். கேட்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. "நீங்கதானே பொம்மி?" என்று கேட்டால், கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண், தன் பெயர் அதுவாக இல்லாவிட்டாலும், வெள்ளை உடுப்புக்கு மரியாதை கொடுத்துத் தலையசைத்துவிடுவார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வார்டில் கூட்டம் நெரியும் வேளையில் அந்தச் சில நொடிகள் காத்திருக்கச் செவிலியர்களைப் பழக்குவதற்குத்தான், வேறெந்தப் பயிற்சியையும்விட அதிக காலம் ஆயிற்று.

இந்த விதியின் அருமையை எங்களுக்கு உணர்த்திய சம்பவம் பெண்கள் வார்டில் நடந்தது. ஒரே பெயர் கொண்ட இருவரின் இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் படுக்கையருகில் அல்லாமல், செவிலியர் மேசைக்கு வந்த பிறகு பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒருவரின் இரத்தப் பிரிவு பழைய பதிவேட்டில் இருப்பதோடு பொருந்தவில்லை என்பதை ஆய்வகப் பணியாளர் கவனித்துத் திருப்பி அனுப்பியதால், ஆபத்து நேராமல் தப்பித்தோம். குழாயில் பெயர் எழுதுவது நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என்பது அன்றிலிருந்து விதியாயிற்று.

இத்தகைய மயிரிழைத் தப்பல்களைப் பதிவு செய்ய எங்களிடம் முன்பே ஒரு பதிவேடு இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் வெற்றுத் தாளாகவே கிடந்தது. காரணம் வெளிப்படை. அதன் கடைசிப் பத்தியில் 'பொறுப்பான பணியாளர்' என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொள்ளும் தோழியின் பெயரை யார் அதில் எழுதுவார்? அந்தப் பத்தியை நீக்கி, என்ன நடந்தது, எங்கே, எப்போது, எது காப்பாற்றியது என்ற கேள்விகளை மட்டும் வைத்து, எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகவும் சொல்லலாம் என்று அறிவித்தோம். முதலில் சொல்ல வந்தவர் துப்புரவுப் பணியாளர். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் ஊசிமுனை கிடந்ததாகவும், பையைத் தூக்கும்போது காலில் உரசியதாகவும் சொன்னார். பயன்படுத்திய ஊசி, துளைபடாத வெள்ளைக் கலனுக்குள் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கலன் வார்டின் ஒரு கோடியில் இருந்தது. ஊசி போடும் தள்ளுவண்டியோ மறுகோடியில் நின்றது. கலனை வண்டியிலேயே பொருத்தினோம். பெரிய செலவில்லை. ஆனால் அதை ஏற்கெனவே யாரும் செய்யாததற்கு, அவரிடம் யாரும் கேட்காததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் நோயாளிக்கு அவர் புரிந்துகொள்ளும் விதத்தில் விளக்க வேண்டும் என்ற விதியை, அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களை வைத்தே செயல்படுத்தினோம். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, கடும் வலியைத் தரும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்த ஆய்வில்தான். அதை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது. அந்த வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை இடையிடையே சோதிக்கவும் வேண்டும். வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள், தென்மேற்குப் பருவமழையின் குளிரில் மீண்டும் வலியோடு வருவார்கள். ஆங்கிலத்தில் அச்சான டிஸ்சார்ஜ் அறிக்கையால் அவர்களுக்கு என்ன பயன்? அதன் சாரத்தை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, நோயாளியின் இசைவோடு அதன் நகலை ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கும் அனுப்பத் தொடங்கினோம். அவர் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைப் பார்த்து, எத்தனை மீதம் என்று எங்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். மருந்து தீரப்போகிறது என்பது மழையில் சாலை அடைபடுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிய வருவது இப்படித்தான்.

நேரடி மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் கோப்புகளைவிட ஆட்களிடம்தான் அதிகம் பேசினார்கள். வார்டு உதவியாளரைக் கைகழுவிக் காட்டச் சொன்னார்கள். அவர் அவசரப்படாமல், விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று வரிசை தவறாமல் செய்து முடித்தார். மருந்தகத்தில்தான் மாட்டிக்கொண்டோம். பெயரிலும் தோற்றத்திலும் ஒத்த மருந்துகள் அடுத்தடுத்த பெட்டிகளில் இருந்தன. இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்ற பதிவு, இரவில் மின்சாரம் போன நேரங்களில் விட்டுப்போயிருந்தது. இரண்டையும் குறைகளாக எழுதிக் கொடுத்தார்கள். திருத்தியதற்கான புகைப்படங்களையும் பதிவுகளையும் அனுப்பிய பிறகு சான்று கிடைத்தது.

அடுத்து முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறங்காவலர்கள் சொல்கிறார்கள். இரவுப் பணிக்கு ஆய்வகத்தில் ஒருவரை நியமித்த பிறகு அதைப் பேசலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.