கண் திறக்க முன்னமே

உவர்மலை வீட்டுப் பின்புறம், காய்ந்த ஓலைக் குவியலுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. இமைகள் இன்னும் பசை பூசினதுபோல ஒட்டிக் கிடக்கின்றன. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மருமகள் கேட்டாள், “மாமா, கண் திறக்குமட்டும் விழித்திரை சும்மாதானே இருக்கும்?”

அதுதான் இல்லை. பாலூட்டிகளில் வெளிச்சம் படுவதற்கு முன்பே விழித்திரை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அங்குள்ள அமக்ரைன் என்ற நரம்புக் கலங்களில் ஒருவகை, கலத்துக்குக் கலம் செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை விடும், பக்கத்துக் கலங்கள் தூண்டப்படும், அந்தத் தூண்டல் மெல்ல அலையாகப் பரவும். 1991இல் மைஸ்டர், வொங், பெய்லர், ஷாட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் நால்வரும் பிறக்காத பூனைக்குட்டியின் விழித்திரையிலும் இதைப் பதிவு செய்தார்கள்.

இந்த அலைகள் எதற்கு? இடது கண்ணிலிருந்தும் வலது கண்ணிலிருந்தும் போகும் நரம்பிழைகள் மூளையில் முதலில் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். அவை தனித்தனியாகப் பிரிய அலைகள் உதவுகின்றன. அசற்றைல்கோலினின் வேலையைக் குழப்பினால் அந்தப் பிரிவும் குழம்பும்.

சுண்டெலிக் குட்டியில், பிறந்து ஏறத்தாழ 10 நாளானதும் அலைகளைக் கிளப்பும் பொறுப்பு அசற்றைல்கோலினிடமிருந்து குளூட்டமேற்று என்ற இன்னொரு செய்தி கடத்தும் இரசாயனத்தின் கைக்குப் போய்விடும். கண் திறப்பது அதற்கும் பிறகுதான்.