3 நாள் வாடகையில் ஒரு கோபக்காரக் காக்கா

அமாவாசைச் சோற்றை வைத்தால் எடுக்காமல் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொள்ளும் ஒரு காக்கா, 20 வினாடி அனிமேஷன், அவ்வளவுதான் நான் செய்ய நினைத்தது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்கூட இல்லாமல் வெறும் கையாலேயே ஆட்டிப் பதிவுசெய்யலாம் என்று பாண்டிக்குப் போய் 3 நாள் வாடகைக்கு ஒரு குவெஸ்ட் ஹெட்செட் (கண்ணில் மாட்டும் விஆர் கருவி, அதன் கேமராவே கை அசைவைப் பார்த்துக்கொள்ளும்) எடுத்தேன். கடலூர் வந்து மாட்டினால் லாக் பேட்டர்ன் கேட்கிறது. கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை. மறுநாள் திரும்பப் பாண்டி. ஒரு நாள் வாடகையும் பஸ் காசும் போச்சு. கடையிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில், ஹெட்செட் கண்டுபிடிக்கும் என் கை எலும்புகளை 3டி காக்காவின் எலும்புகளோடு இணைத்தது சிக்கலில்லாமல் முடிந்தது. அப்புறம்தான் வம்பு. கரண்ட் போன ராத்திரியில் கட்டைவிரல் இரண்டையும் கோத்துச் சுவரில் பறவை காட்டுவோமே, அதையே செய்தேன். ஒரு கை இன்னொரு கையை மறைத்தால் ஹெட்செட் கேமராவுக்கு விரல் தெரியாது, சும்மா ஊகிக்கும். சிறகு போய் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது. சரி, தலை தனி, சிறகு தனி என்று பிரித்தேன். முதலில் வலது கை மட்டும்: மணிக்கட்டுதான் கழுத்து, விரல்கள் அலகு. அந்தப் பதிவை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே இரண்டு கையையும் நன்றாக விலக்கிப் பிடித்துச் சிறகை ஆட்டினேன்.

ஆனால் காக்கா என் பக்கம் திரும்பி அலகை மூடும்போதெல்லாம் மெனு வந்து நின்றது. உள்ளங்கையை முகத்துக்கு நேரே காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் அதுதான் மெனுவுக்கான சைகையாம்! ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. நடுவிரலால் அலகை மூடப் பழகித்தான் தப்பித்தேன்.

டியூப்லைட் வெளிச்சத்தில் விரல்கள் நடுங்கின. செட்டிங்ஸில் டிராக்கிங் ஃப்ரீக்வென்சியை (விளக்கின் துடிப்போடு கேமராவை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) யாரோ 60 ஹெர்ட்ஸில் வைத்திருந்தார்கள். நம் ஊர் மின்சாரம் 50. மாற்றியதும் பெரும்பாலும் அடங்கியது. அதற்காக வெளிச்சம் தேடி மொட்டை மாடிக்குப் போய்விடாதீர்கள், லென்ஸில் வெயில் விழுந்தால் உள்ளே திரை கெட்டுவிடும்.

மிச்ச நடுக்கத்தைப் போக்க பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் எல்லா அசைவையும் வழவழவென்று ஆக்கினேன். காக்கா கொக்காகிவிட்டது. கழுத்தை மட்டும் பழைய வெடுக்கோடு திரும்ப வைத்தேன்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள்: "ஏன்டா அதுக்கு இவ்ளோ கோவம், வடை வைக்கலையா?"