பழைய மாடல் 19: சரிசெய்வதா, மாற்றுவதா?

கைமாறி வந்த பழைய ரிவால்வரைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் கேட்பது "பாலிஷ் போட்டுடலாமா?" என்றுதான். எனக்குக் கிடைத்தது எழுபதுகளில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19. உறையில் உரசி உரசி பேரல் நுனியிலும் குண்டுகளை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் விளிம்பிலும் நீலப்பூச்சு போய் வெறும் இரும்பு தெரிந்தது, மரப்பிடியிலும் கொஞ்சம் ஆட்டம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்பதை இதெல்லாம் தீர்மானிக்காது. வருடக்கணக்கில் உறையிலேயே கிடந்து அதிகம் சுடப்படாத துப்பாக்கியும் வெளியே இப்படித்தான் இருக்கும்.

சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலிதானா என்று பார்த்து, திரும்பவும் பார்த்துவிட்டு, டைமிங்கில், அதாவது ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேராக வந்து நேரத்துக்கு நிற்கிறதா என்பதில், ஆரம்பித்தேன். சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டே, பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் கடைசியில் போய் மாட்டுவதற்குள் அடியிலிருக்கும் ஸ்டாப் என்ற பூட்டுத்துண்டு சிலிண்டரின் பள்ளத்தில் 'டிக்'கென்று விழுந்தாக வேண்டும். நாலு அறையில் விழுந்தது. இரண்டில் ஹேமர் மாட்டிய பிறகும் விழவில்லை, சிலிண்டரைக் கையால் ஒரு மயிரிழை நகர்த்தினால்தான் விழுந்தது. அப்படியே சுட்டால் குண்டு பேரலுக்குள் நேராகப் போகாமல் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும், ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு முறைப்பார்.

கேட்கப் பயமாக இருந்தாலும் இது தீராத வியாதி இல்லை. சிலிண்டரைச் சுற்றிவிடும் 'ஹேண்ட்' என்ற சின்னத் துண்டு தேய்ந்திருக்கும், கொஞ்சம் அகலமானதைப் பொருத்தி உரசிச் சேர்த்தால் சரியாகிவிடும். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுவதும் அப்படித்தான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்து, சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளி ஒரு முறையும் முன்னுக்குத் தள்ளி ஒரு முறையும் அதற்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால், வித்தியாசம்தான் ஆட்டம். இடைவெளி 0.004 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருந்தால் கவலைப்பட மாட்டார்கள், ஆட்டம் அதிகமென்றால் மெல்லிய ஷிம் வளையம் போட்டுக் குறைக்கலாம். ஹேமரை முழுக்க இழுத்து வைத்துவிட்டு, கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்தியும் பார்த்தேன். ட்ரிகரைத் தொடாமலே நழுவி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது. இது அசையவில்லை.

உண்மையில் முடிவைச் சொல்வது ஃபோர்சிங் கோன், அதாவது சிலிண்டரைப் பார்த்திருக்கும் பேரலின் பின்வாய். சிலிண்டர் மூடுவதற்கு இடம் விட இந்த மாடலில் அதன் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள், அந்த இடத்தில் சுவர் மெல்லிசு. 125 கிரெய்ன் .357 மேக்னம் மாதிரி எடை குறைந்த வேகமான குண்டுகளை நிறையச் சுட்டால் விரிசல் விடுவது அங்கேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய 'எல் ஃப்ரேம்' உடற்சட்டத்தில் 586, 686 என்ற மாடல்களைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தத் தொல்லையும் உண்டு. விரிசல் விட்டால் பேரலையே மாற்ற வேண்டும், அந்தக் காலத்துப் பேரலைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. அதனால் ஈயக்கறையைத் துலக்கிவிட்டு, லென்ஸும் டார்ச்சும் வைத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன். சிலிண்டருக்கு மேலே செல்லும் பட்டையில் நெருப்பு அரித்த மெல்லிய கோடு இருந்தது, அது ஓரளவுக்கு மேல் ஆழமாகாது, விட்டுவிடலாம். கோனில் விரிசல் இல்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

மாற்றுவதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 2018-ல் மாடல் 19 திரும்ப வந்தது, ஆனால் அப்போது வந்ததில் சாவியால் பூட்டும் உள்பூட்டு இருந்தது, தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் பழையதைப் போல ஹேமரில் இல்லாமல் ஃப்ரேமில் இருந்தது. மோசம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பெயர் ஒன்று என்பதால் இதற்கு அது ஈடாகிவிடாது. உரிம மாற்றத்துக்கு வேறு அலைய வேண்டும். மேக்னமே கதி என்று சுடுபவராக இருந்தால் நானே 686 வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஹேண்ட், ஷிம், புது ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான் செய்யச் சொன்னேன். நீலப்பூச்சைத் தொட விடவில்லை. பஃப் சக்கரத்தில் கொடுத்தால் கூரான விளிம்புகள் மழுங்கும், எழுத்துகள் மங்கும், திருகுத் துளைகள் குழிந்துபோகும், அப்புறம் சேகரிப்பவர் யாரும் சீண்ட மாட்டார். திரும்பி வந்தபோது ஆறு அறையிலும் ஸ்டாப் நேரத்துக்கு விழுந்தது. இப்போது மேக்னத்தைவிடச் சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டா மட்டும் போடுகிறேன், துடைக்கும்போதெல்லாம் கோனின் அடிப்பக்கத்தை லென்ஸில் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.