ஆய்த எழுத்தும் பழைய நாற்காலியும்

2013 மே 19, ஞாயிறு இரவு. ஐபிஎல் சூதாட்ட விவகாரம் வெடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு வர வேண்டிய செய்திகளில் பாதி முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டது. மீதியை வைத்துப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அடியில் மூன்று பத்தி இடத்தை மட்டும் பிரிவின் பொறுப்பாசிரியர் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். அலெக்ஸ் ஃபெர்குசன் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராக இருந்த கடைசி ஆட்டம், அவருடைய 1,500ஆவது ஆட்டம், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது.

63ஆவது நிமிடத்தில் யுனைடெட் 5-2 என்று முன்னணியில் இருந்தது. பொறுப்பாசிரியர் ‘வெற்றியுடன் விடைபெற்றார் பெர்குசன்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, பக்கம் வடிவமைப்பவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் 80ஆவது நிமிடத்திலிருந்து 86ஆவது நிமிடத்துக்குள் எதிரணி மூன்று கோல் அடித்துவிட்டது. 5-5. தொலைக்காட்சியை ஒரு நிமிடம் பார்த்தார். துண்டுத்தாளை வாங்கினார். சிவப்புப் பேனாவால் ‘வெற்றியுடன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தார்.

“மீதி சரியாகத்தானே இருக்கிறது?” என்றார்.

அதுதான் அவர். ஏழு மாதம் கழித்து அவரும் விடைபெற்றார். அந்த இடத்துக்கு நான் வந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் நீக்கம் என்ற செய்தியை எத்தனை முறை பக்கத்தில் வைத்தேன் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதும், ஆனால் ஒரு விரலும் மிஞ்சாது. மோயஸ், வான் ஹால், மொரீன்யோ, சோல்ஷர், டென் ஹாக். ஒவ்வொரு முறையும் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் குறிப்பின் கடைசிப் பகுதி மாறாமல் இருக்கும்: ஃபெர்குசன் 26 ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பில் இருந்தார், 13 முறை பிரீமியர் லீக் வென்றார், மொத்தம் 38 கோப்பைகள், அவர் போன பிறகு லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதியை மொழிபெயர்த்து ஒரு கோப்பில் சேமித்துவைத்திருந்தேன். யாரை நீக்கினாலும் அதை எடுத்து அப்படியே ஒட்டிவிடலாம்.

முதலாவதான மோயஸ் செய்தியை மட்டும் என்னால் அப்படி ஒட்ட முடியவில்லை. 2014 ஏப்ரல் 22. நான் பொறுப்பேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவரைப் பத்து மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரைத் தேர்ந்தெடுத்தவரே ஃபெர்குசன். வீட்டுக்கு அழைத்து, விருப்பமா என்று கேட்காமல், அடுத்த மேலாளர் நீதான் என்று சொல்லியிருக்கிறார். முகமே வெளிறிப்போய்விட்டது என்று மோயஸ் பின்னர் சொன்னார். பொறுப்பேற்ற புதிதில் ஃபெர்குசனின் அறைக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். யாராவது பார்த்தால் கேலியாக இருக்குமே என்று ஆள் இல்லாதபோது உட்கார்ந்தாராம்.

அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பொறுப்பாசிரியரின் நாற்காலியில் ரெக்ஸின் கிழிந்த இடத்தில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டிருப்பார். மூன்று வாரம் நான் அதில் உட்காரவே இல்லை. என் பழைய இடத்திலிருந்தே வேலை பார்த்தேன். கேட்டவர்களிடம் கணினி இங்கேதான் வேகமாக இருக்கிறது என்று சொன்னேன். ஒரு நாள் இரவு கடைசிப் பதிப்பு போன பிறகு, எல்லோரும் கிளம்பியபின், போய் உட்கார்ந்தேன். செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

பொறுப்பாசிரியர் ஒரு நீள நோட்டை விட்டுச்சென்றிருந்தார். வெளிநாட்டுப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பட்டியல் அது. வீரர்கள், ஊர்கள், மைதானங்கள் எல்லாம் அகர வரிசையில், முத்து முத்தான கையெழுத்தில். அதன் முதல் பக்கத்தில் ஒரு விதி, அடிக்கோடிட்டு: ஆய்தம் வேண்டாம். எனவே எங்கள் பக்கத்தில் எப்போதும் பெர்குசன், பெடரர், பிபா. நான் பொறுப்பேற்று முதலில் செய்த காரியம் அந்தத் தடையை நீக்கியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஃபெடரர் என்று எழுதுகிறார்கள், நாம் மட்டும் ஏன் இன்னும் பழைய காலத்தில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். தமிழின் தூய்மையைக் காப்பதற்காக அவர் அப்படி விதித்தார் என்று நினைத்தேன். பிரிவில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. மேலே ஃபெர்குசன், நான்கு வரி கீழே பெர்குசன். பிழை திருத்துபவரிடம் கேட்டால், “சார் இருந்தவரைக்கும் இப்படித்தானே?” என்பார். அவர் சொல்லும் அந்த ‘சார்’ நான் அல்லன். எதைச் செய்தாலும், “சார் பார்த்தால் என்ன நினைப்பாரோ” என்று யாராவது சொல்வார்கள். அவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் நம் பக்கத்தைப் பற்றி விசாரிக்கிறார், இங்கிருந்து யாரோ தகவல் சொல்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு ஓராண்டு புழுங்கினேன். அப்படி ஒருவரும் பேசவில்லை, அவரும் ஒருமுறைகூட அழைக்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மோயஸ் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிக்கொண்டார். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீரர்கள் சாப்பிடும் வறுவலை நிறுத்தினார், அதுவே முணுமுணுப்பாக மாறியது என்று அப்போது அணியில் இருந்த ரியோ ஃபெர்டினாண்ட் பின்னாளில் எழுதினார். உருளைக்கிழங்குக்கும் ஆய்த எழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழையவர் செய்த சின்ன விஷயத்தில் கைவைத்தால், பெரிய விஷயத்திலும் கைவைப்பான் என்று கீழே இருப்பவர்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

ஆனால் மோயஸ் பெரிய விஷயத்திலும் கைவைத்தார். ஃபெர்குசனின் பயிற்சிக் குழுவில் இருந்த மைக் ஃபீலன், ரெனே மியூலென்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் மூவரும் கிளம்பினார்கள். தன் பழைய கிளப்பான எவர்ட்டனிலிருந்து மோயஸ் தன் ஆட்களை அழைத்துவந்தார். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். ஆக, ஃபெர்குசன் ஏன் ஒன்றை அப்படிச் செய்தார் என்று தெரிந்தவர்கள் கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். அவர் செய்த முறைகள் மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தன.

லிவர்பூலில் இது வேறு மாதிரி நடந்தது. 1974இல் அதன் மேலாளர் பில் ஷாங்க்லி திடீரென்று ஓய்வை அறிவித்தார். பிறகு மனம் கேட்காமல் மெல்வுட் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்கள் அவரைத்தான் ‘பாஸ்’ என்றார்கள். புதிய மேலாளர் பாப் பெய்ஸ்லி அவர்களுக்கு வெறும் ‘பாப்’. இனி வர வேண்டாம் என்பதைக் கடைசியில் ஷாங்க்லிக்கு உணர்த்திவிட்டார்கள். மனம் நொந்துபோனார், போட்டி கிளப்பான எவர்ட்டனில்கூடத் தனக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது என்றார். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிற கதை. ஆனால் பெய்ஸ்லி ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். காரணம், ஷாங்க்லியின் பக்கத்தில், வீரர்களின் பூட்ஸ் வைக்கும் அறையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். பெய்ஸ்லியே அவர்களில் ஒருவர். ஆள் போனாலும் ஏன் என்ற விளக்கம் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது.

யுனைடெட்டுக்கு இந்தப் பாடம் தெரியாததல்ல. அதன் நெடுங்கால மேலாளர் மேட் பஸ்பி 1969இல் ஒதுங்கியபோது பொது மேலாளர் என்ற பெயரில் கிளப்பிலேயே தங்கினார். அடுத்து வந்த வில்ஃப் மெக்கின்னஸுக்கு அப்போது வயது 31. ஒரு காலத்தில் கூட ஆடியவர்களை இன்று வேலை வாங்க வேண்டிய நிலை. 1970 டிசம்பரில் அவரை நீக்கிவிட்டு பஸ்பியே திரும்பி வந்தார். அடுத்தவர் ஃபிராங்க் ஓ’ஃபாரல். மேலாளர் அறையில் பஸ்பி இருக்க, தனக்கு வேறொரு சிறிய அறை காட்டப்பட்டதாகவும், தான் வற்புறுத்தி மேலாளர் அறையை வாங்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பதினெட்டு மாதம்தான் தாங்கினார். 1974இல் அணி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது.

அதே பஸ்பி பின்னாளில் ஃபெர்குசனுக்குத் துணையாக இருந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. 1986இல் ஃபெர்குசன் வந்தபோது பஸ்பி அலுவலகத்துக்கு வருவார், பைப்பில் புகை பிடிப்பார். முதல் சில ஆண்டுகள் தடுமாறிய ஃபெர்குசனுக்கு அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. 26 ஆண்டுகளுக்குப் பிறகு 1993இல் லீக் பட்டம் வந்ததைப் பார்த்துவிட்டு, 1994 ஜனவரியில் பஸ்பி காலமானார். பஸ்பி ஒதுங்கியதற்கும் ஃபெர்குசன் வந்ததற்கும் நடுவில் போதுமான தூரம் இருந்தது என்பது என் எண்ணம். ஓய்வுபெற்றவர் முதல் வாரிசுக்குச் சுமையாகவும் ஆறாவது வாரிசுக்குத் தாத்தாவாகவும் ஆகிவிடுகிறார்.

ஃபெர்குசன் தலையிட்டாரா? கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, புதிய மேலாளருக்குத் துணை நில்லுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டவர் அவர். பிறகு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார், அவ்வளவுதான். யுனைடெட் கோல் வாங்கினால் கேமரா நேராக அவர் முகத்துக்குப் போகும். இதில் எனக்கும் பங்கு உண்டு. தோல்விச் செய்தியோடு செய்தி நிறுவனத்திலிருந்து பத்துப் படம் வரும். அதில் மேலாளர் படமும் இருக்கும், சுவிங்கம் மென்றபடி முகம் சுளிக்கும் ஃபெர்குசன் படமும் இருக்கும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுத்தேன். ‘ஃபெர்குசனின் நிழலில்’ என்ற தலைப்பை நானே நான்கு முறையாவது வைத்திருப்பேன். அந்த நிழல் விழுந்ததில் சூரியனைவிட எங்களைப் போன்றவர்களின் உழைப்பே அதிகம்.

முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் ரொனால்டோ யுனைடெட் திரும்பியதில் ஃபெர்குசனின் தொலைபேசி அழைப்புக்குப் பங்கு உண்டு. அக்டோபரில் எவர்ட்டனுடன் டிரா ஆன ஆட்டத்தில் சோல்ஷர் ரொனால்டோவை மாற்று வீரர்கள் இருக்கையில் உட்காரவைத்தார். சிறந்த வீரர்களோடுதான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று ஃபெர்குசன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த காணொளி வெளியாகிப் பரவியது. தனிப் பேச்சுதான். ஆனால் அவருக்குத் தனிப் பேச்சு என்று ஒன்று கிடையாது. ஃபெர்குசனை அப்போதும் ‘பாஸ்’ என்றே அழைத்த சோல்ஷர் ஏழு வாரத்தில் வேலையை இழந்தார். அந்தப் பேச்சினால்தான் என்று நான் சொல்லவில்லை.

ஆர்சனலில் 22 ஆண்டுகள் இருந்த ஆர்சன் வெங்கர் 2018 மேயில் விலகிய பிறகு நான்கரை ஆண்டுகள் அந்த மைதானத்தில் ஆட்டம் பார்க்க வரவே இல்லை. 2022 டிசம்பர் 26 அன்றுதான் வந்தார். அந்தச் செய்தியை ஒற்றைப் பத்தியில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பொறுப்பாசிரியரும் அப்படித்தான் வராமலே இருந்தார். ஆனாலும் அவர் இருந்தார்.

2024இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அக்டோபரில், ஆண்டுக்கு இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியம் தந்த ஃபெர்குசனின் தூதர் பொறுப்பைச் செலவுக் குறைப்புக்காகக் கிளப் முடித்துக்கொள்கிறது என்றது ஒன்று. நவம்பரில் ரூபன் அமோரிம் நியமனம் என்றது இன்னொன்று. இரண்டாவதில் பதவியின் பெயரைக் கவனித்தேன். மேலாளர் இல்லை, தலைமைப் பயிற்சியாளர். எங்கள் பொறுப்பாசிரியர் ஃபெர்குசனைப் பயிற்சியாளர் என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார். “பயிற்சி கொடுப்பவர் வேறு, கடையை நடத்துபவர் வேறு” என்பார். ஃபெர்குசன் உட்கார்ந்த நாற்காலியை அடுத்தவருக்குப் பொருத்த முடியாமல் கடைசியில் நாற்காலியையே அறுத்துச் சிறிதாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பருவத்தில் அணி 15ஆவது இடத்தில் முடித்தது.

அடுத்த ஆண்டு நானும் ஓய்வுபெற்றேன். சில மாதம் கழித்து ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் போனேன். என் இடத்தில் இருக்கும் தம்பி எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். புதிய நாற்காலி. நான் உட்காரவில்லை. கணினித் திரைக்கு உயரம் கொடுக்க அடியில் வைத்திருந்த புத்தகங்களுக்கு நடுவே அந்த நீள நோட்டின் முதுகு தெரிந்தது. மேசையில் அன்றைய பக்கத்தின் பிரதி கிடந்தது. ஓரத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி, தலைப்பில் ‘பெர்குசன்’.

“ஆய்தத்தை எடுத்துவிட்டீர்களா?” என்றேன். சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

“ஒற்றைப் பத்தியில் இடிக்கிறது சார். ஒரு எழுத்து குறைந்தால் அடுத்த வரிக்கு உடையாமல் நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் மாற்றினால் குழப்பம் என்று எல்லா இடத்திலும் எடுத்துவிட்டோம்.”

அன்று மாலை பழைய பொறுப்பாசிரியரை அழைத்தேன். எண்பதை நெருங்கியிருந்தார். நலம் விசாரித்த பிறகு, அந்த நோட்டின் முதல் பக்க விதி எதற்காக என்று கேட்டேன்.

“தலைப்பில் இடம் பற்றாது. வேறென்ன?” என்றார்.

“நாங்கள் தூய்மைக்காக என்று நினைத்தோம் சார்.”

“அப்படியா? ஒருத்தனும் கேட்கவில்லையே” என்றவர், முந்தைய இரவு யுனைடெட் ஆட்டம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவர் வீட்டில் பேப்பர் இன்னும் வரவில்லையாம்.