எட்டு வகை ப்ரோனவுனும் தெரியும், ஆனா ஒரு 'இட்' வரல

எங்க அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன வாரம் கிராமர் டெஸ்ட்டுக்காக பெர்சனல், பொசசிவ், ரிஃப்ளெக்சிவ், டெமான்ஸ்ட்ரேட்டிவ், இன்டராகேட்டிவ், ரிலேட்டிவ், இன்டெஃபனிட், ரெசிப்ரோகல்னு எட்டு வகை ப்ரோனவுனையும், அதாவது பேருக்குப் பதிலா வர்ற சொல்லையும், மூச்சு விடாம ஒப்பிச்சா. சரிம்மா, 'வெளியில மழை பெய்யுது', இதை இங்கிலீஷ்ல சொல்லுன்னேன். 'அவுட்சைட் ரெயினிங்'னு சொன்னா.

அவ மேல தப்பே இல்லங்க. நம்ம தமிழ்ல வினைச்சொல்லோட வால்லயே ஆள் ஒட்டிக்கிட்டு இருக்கு. 'வந்தேன்'னா நான், 'வந்தோம்'னா நாங்க, 'வந்தீங்க'ன்னா நீங்க, தனியா யாருன்னு சொல்லவே வேண்டாம். இங்கிலீஷ்ல ஐ கேம், ஷீ கேம், தே கேம்னு எல்லாருக்கும் ஒரே 'கேம்'தான், அதனால முன்னாடி ஒரு ஆளை நிறுத்தியே ஆகணும். 'கம் ஹியர்' மாதிரி ஒருத்தரை ஏவுறப்போ மட்டும்தான் 'யூ'வை விட்டுடலாம். சொல்ல ஆளே இல்லாத இடத்துலயும், மழை, வெயில், மணி, தூரம் இதுக்கெல்லாம்கூட, அந்த எடத்தை காலியா விட மாட்டாங்க, 'இட் இஸ் ரெயினிங்', 'இட் இஸ் டென் ஓ க்ளாக்'னு ஒரு இட் வந்து உக்காந்துக்கும். அந்த இட்டுக்கு தமிழ்ல என்ன அர்த்தம்னு தேடாதீங்க, அர்த்தமே கிடையாது, சீட்டு பிடிச்சு வைக்கத்தான் அது வருது.

அடுத்தது மரியாதை. பாட்டி ஊர்ல இருந்து வந்திருக்காங்கன்னு எழுதச் சொன்னா 'மை கிராண்ட்மா ஹேஸ் கம், தே ஆர் ஸ்லீப்பிங்'னு எழுதுறா. ஏன்னா அவ மனசுல ஓடுறது 'அவங்க'. நமக்கு அவங்கன்னா பல பேருக்கும் ஆகும், பெரியவங்க ஒருத்தருக்கும் ஆகும். பாட்டியைப் போய் 'ஷீ'ன்னா 'அவ'ன்னு சொல்ற மாதிரி அவளுக்கு கூசுது. அந்தக் கூச்சம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, ஆனா 'ஷீ'யில மரியாதைக் குறைவு எதுவும் இல்லன்னு சொல்லிக் குடுத்தாத்தான் எழுத்துல தப்பு போகும். முன்னாடி இங்கிலீஷ்லயும் நீ, நீங்க மாதிரி ரெண்டு இருந்துச்சு, 'தௌ'ன்னா நீ, 'யூ'ன்னா நீங்க. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ரெண்டையும் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டு வாக்குல சாதாரண பேச்சுல தௌ தேஞ்சு போச்சு, மிஞ்சினது யூ மட்டும், அதாவது இன்னிக்கு அவங்க நாயைக்கூட 'நீங்க'ன்னுதான் கூப்பிடுறாங்க! இதைக் கேட்டு அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒருத்தருக்கு 'தே' போடுறதே தப்புன்னும் அடிச்சுடக் கூடாது. ஆணா பொண்ணான்னு தெரியாதப்போ, 'சம்படி ஹேஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா'ங்கிறது பல நூற்றாண்டா புழக்கத்துல இருக்கு. பாட்டியைத் தெரியும், அதனால அங்க ஷீ.

'எல்லாரும் வந்தாச்சு'வையும் நாம பன்மையா நினைச்சு 'எவ்ரிஒன் ஹேவ் கம்'னு எழுதிடுறோம். எவ்ரிஒன்ல கடைசியா ஒரு 'ஒன்' ஒளிஞ்சிருக்கு பாருங்க, அதனால 'ஹேஸ்'. எவ்ரிபடி, சம்ஒன், நோபடி எல்லாமே இப்படித்தான்.

என்னைக் கேட்டா இருக்கிறதுலயே கஷ்டம் ரிலேட்டிவ்தான், ஏன்னா நம்மகிட்ட அந்த மாதிரி ஒரு சொல்லே இல்ல. 'நேத்து வந்த பையன்'னு நாம வினையை 'அ'ல முடிச்சு பேருக்கு முன்னாடி வச்சிடுவோம், பெயரெச்சம்னு தமிழ் இலக்கணத்துல படிச்சமே அதேதான். இங்கிலீஷ்ல பையன் முதல்ல வந்துடுவான், அப்புறம் 'ஹூ', அதுக்கப்புறம்தான் மத்தது: 'த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. அவ எழுதினது 'யெஸ்டர்டே கேம் பாய்', தமிழ் வரிசையை அப்படியே வச்சிருக்கா. அதனால பெயரெச்சத்தைப் பார்த்ததும் வாக்கியத்தைத் திருப்பிப் போடுன்னு சொன்னேன், ஆளுன்னா ஹூ, பொருள்னா விச் இல்லன்னா தட். 'நான் பார்த்த படம்', 'த மூவி தட் ஐ சா'. கடைசில இன்னொரு 'இட்' சேர்த்து 'ஐ சா இட்'னு முடிச்சிடக் கூடாது, தட்டே அந்த வேலையைப் பார்த்துடுச்சு. இருபது வாக்கியம் போட்டோம், பதினஞ்சுக்கு மேல அவளே திருப்பிட்டா.

திஸ், தட், ஈச் அதர் இதெல்லாம் தானா வந்துடும். 'இட்ஸ்'ல மட்டும் ஒரு நிமிஷம் நின்னோம். ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதுலயும் அபாஸ்ட்ரஃபி, அதாவது மேல போடுற அந்தக் கொம்பு, கிடையாது, அதனால 'அதோட'ங்கிற அர்த்தத்துல வர்ற இட்ஸ்லயும் அபாஸ்ட்ரஃபி வராது. போட்டா அது 'இட் இஸ்' இல்லன்னா 'இட் ஹேஸ்' ஆயிடும்.

நோட்டை மூடப் போறப்போ அவ ஒண்ணு கேட்டா. 'சித்தி, நாங்க கோயிலுக்குப் போறோம், நாம கோயிலுக்குப் போறோம், ரெண்டுக்கும் வி தானா? அப்போ கேக்கிறவங்களுக்கு தன்னையும் கூப்பிடுறாங்களான்னு எப்படித் தெரியும்?' தெரியாதும்மா, கூப்பிடணும்னா 'லெட்ஸ் கோ'ன்னோ 'கம் வித் அஸ்'னோ தனியா சொல்லணும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. நோட்டைத் திரும்பத் திறந்து, 'வி'க்கு எதிர்ல நாங்கன்னு ஒரு வரி, நாமன்னு ஒரு வரி எழுதிட்டுத்தான் பையில வச்சா.