காலி மனையில் அடுத்தவர் வேலி: மீட்கப் போகும்போது எதிர்ப்படுபவை

காலி மனையில் யாரோ கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், வீட்டில் எல்லோரும் பீரோவைத் திறந்து கிரயப் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். பத்திரம் வேண்டும்தான். ஆனால் காவல் நிலையமோ முன்சீப் கோர்ட்டோ, தமிழ்நாட்டில் எங்கே போனாலும் முதல் கேள்வி வேறு: அந்த இடம் இதுவரை யார் கையில் இருந்தது, என்றைக்கு உள்ளே வந்தார்கள்? உரிமை பத்திரத்தில் இருக்கும். சுவாதீனத்தை, அதாவது இடம் நம் கையில் இருந்ததை, நாம்தான் காட்ட வேண்டும்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-வது பிரிவு. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் சுவாதீனத்தை மட்டும் வைத்தே இடத்தைத் திரும்பக் கேட்கலாம். எதிராளி "எனக்கும் பத்திரம் இருக்கிறது" என்று சொன்னாலும் அந்த வழக்கில் அது எடுபடாது. வேண்டுமானால் அவர் தனியாக உரிமை வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது, உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மட்டும் உண்டு. அரசுக்கு எதிராக இந்தப் பிரிவு உதவாது.

6 மாதம் தாண்டினால் இடம் போய்விடாது. இடம் நமக்கே உரியது என்று கோர்ட் அறிவிக்கவும் (விளம்புகை) சுவாதீனம் தரவும் கேட்டு, எதிரிடை அனுபவம் (நம் உரிமையை மறுத்து அடுத்தவர் இடத்தை வெளிப்படையாக வைத்திருப்பது) தொடங்கியதிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அதற்குச் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 2017-க்கு முன்பு இது 7.5 சதவீதமாக இருந்தது. 30 லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய், வக்கீல் பீஸ் தனி. சாட்சி, ஆவணம், அப்பீல் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த 12 ஆண்டையும் சும்மா விட்டால் உரிமையே அற்றுப்போகும். 2019-இல் உச்ச நீதிமன்றம், எதிரிடை அனுபவத்தை வைத்து ஆக்கிரமித்தவரே வாதியாக வந்து வழக்குப் போடலாம் என்றும் சொல்லிவிட்டது.

வேலியைப் பார்த்ததும் ஆள் கூட்டிப் போய்ப் பிடுங்கி எறியத்தான் கை பரபரக்கும். கல் ஊன்றிக்கொண்டிருக்கும்போது தடுப்பது வேறு. அவர்கள் கொட்டகை போட்டு, ஆள் வைத்து, நாள் கடந்து நிலைத்துவிட்ட பிறகு சொந்தக்காரரே ஆனாலும் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்பது ராமே கவுடா வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் சொன்னது. பிடுங்கினால் மறுநாள் நம்மேல் புகார், கூடவே நமக்கு எதிராகத் தடையாணை மனு. அப்படி அவர்கள் முந்திக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தால், வக்கீலிடம் சொல்லி கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கோர்ட்டில் முன்கூட்டியே கொடுக்கும் மனு) போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும். நமக்குத் தெரியாமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வாங்குவது கடினமாகிவிடும்.

போட்டோ எடுப்பதிலும் கோட்டைவிடுபவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு போனிலிருந்து அசலை அழித்துவிடுவார்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-இன் கீழ் ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) சான்றிதழ் கேட்பார்கள். அசல் கோப்பும் எடுத்த போனும் கையில் இருந்தால்தான் அது சுலபம். வேலியை மட்டும் நெருக்கமாக எடுத்தால் பயனில்லை. பக்கத்து வீடு, மின்கம்பம், ரோடு என்று மனையை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று படத்தில் விழ வேண்டும். பழைய காலிமனை வரி ரசீது, முள் வெட்டிச் சுத்தம் செய்த ஜே.சி.பி. பில், இவை பத்திரத்தைவிடச் சில நேரம் அதிகம் பேசும்.

போலீஸ் புகாரில் தாத்தா காலத்திலிருந்து தொடங்கக் கூடாது. இன்ன சர்வே எண்ணில் உள்ள மனை எங்கள் சுவாதீனத்தில் இருந்தது, இன்ன தேதியில் இன்னார் நுழைந்தார், என்ன செய்தார், கேட்டபோது என்ன சொல்லி மிரட்டினார், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் அத்துமீறி நுழைதலுக்கு பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 329-வது பிரிவு. வெறுமனே நுழைந்தது போதாது. குற்றம் செய்யவோ, சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தைக் காட்டும் வரி புகாரில் இல்லையென்றால் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வரி இருந்தாலும் அனுப்புவார்கள் என்பதும் உண்மை! தண்டனை 3 மாதம் வரை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வீட்டுக்குள் நுழைந்திருந்தால் ஓராண்டு வரை. எதுவும் நடக்காவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் கொடுத்ததற்கு நிலையத்தில் தரும் ஒப்புகை) வாங்காமல் வரக் கூடாது. நாம் எந்தத் தேதியில் ஆட்சேபித்தோம் என்பதற்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை. பதிவு செய்ய மறுத்தால் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பி, அதற்கும் பதில் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு போகலாம்.

அடிதடி ஆகும் நிலை இருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்று ஒன்று உண்டு, அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 164-வது பிரிவு. அங்கும் தேதிக்கணக்குதான்: போலீஸ் அறிக்கைக்கு முந்தைய 2 மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டிருந்தால், நாமே சுவாதீனத்தில் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம். கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள்.

அளவைக்கு வருவோம். பலருடைய வழக்கு சறுக்குவது இங்கேதான். 40-க்கு 60 மனை, 2,400 சதுர அடி, பத்திரத்தில் அடிக்கணக்கு. பட்டாவிலும் புலப்படத்திலும் (சர்வே எண்ணின் எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடம்) மீட்டர்: 12.2-க்கு 18.3, பரப்பு 2.23 ஏர்ஸ் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). இரண்டையும் பொருத்திப் பார்த்து, பத்திரத்தின் நான்கு எல்லைகளும் இன்றைக்குத் தரையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சர்வேக்கு மனுப் போட வேண்டும். இப்போது தமிழ்நிலம் இணையதளத்திலேயே பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். லே-அவுட் மனைக்காரர்களுக்கு ஒரு பெரிய சிக்கல்: மொத்த சர்வே எண்ணும் பழைய சொந்தக்காரர் பேரிலேயே கிடந்தால், நம் ஒற்றை மனைக்குப் புலப்படத்தில் கோடே இருக்காது. சர்வேயர் வெளி எல்லையை அளந்து காட்டிவிட்டுப் போய்விடுவார். முதலில் உட்பிரிவு செய்து (நம் மனையைத் தனி எண்ணாகப் பிரித்து) பட்டா மாற்ற வேண்டும்.

சர்வேயர் வரும் நாளில் முள்ளை வெட்டி வைத்திருங்கள். நம் மனையின் மூலையிலிருந்து அவர் அளக்கத் தொடங்க மாட்டார். புலத்தின் பழைய கல் ஏதாவது ஒன்றைத் தேடுவார். அது மண்ணுக்கடியில் அரை அடியில் கிடக்கும், அல்லது ரோடு போட்டபோது போயிருக்கும். கல் கிடைக்காவிட்டால் அடுத்த புலத்தின் கல்லிலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும், அரை நாள் வேலை. பக்கத்துக்காரர்களுக்கு முன்னறிவிப்புப் போயிருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் பிறகு அந்த அளவையையே அவர்கள் ஆட்சேபிப்பார்கள். அளவு ஒத்துவராவிட்டால் மறு அளவை கேட்கலாம். அரசு சர்வே கல்லை யாராவது நகர்த்தியிருந்தால் அது தனிக் குற்றம், புகாரில் சேர்க்க வேண்டும்.

முழு மனையையும் பிடித்துக்கொள்பவரைவிட, சுவரை 2 அடி தள்ளிக் கட்டுபவர்தான் அதிகம். அதற்குப் போலீஸ் புகார் பெரிதாக உதவாது. கோர்ட்டில் வக்கீல் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல்) போட்டு, சர்வேயரோடு அளந்து, திட்டப்படத்தோடு அறிக்கை வாங்கி, கட்டியதை இடிக்கச் செய்யுறுத்துக் கட்டளை (இதைச் செய் என்று எதிராளிக்குக் கோர்ட் போடும் உத்தரவு) கேட்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போதே கோர்ட்டுக்குப் போனால் கட்டுவது நிற்கும். மாடி எழும்பிய பிறகு போனால் இடிக்கச் சொல்வதற்குப் பதில் இழப்பீடு என்று முடியவும் வாய்ப்புண்டு.

இடைக்காலத் தடையாணை எதிராளி வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டால் அன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. மனு, பிரமாணம், பிராது (வழக்குரை), ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் அன்றோ மறுநாளோ எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதாகக் கோர்ட்டில் பிரமாணம் தாக்கல் செய்ய வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 3 அப்படித்தான் சொல்கிறது. வக்கீல் குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விட்டு, இந்த ஒன்றினாலேயே தடையாணை ரத்தான வழக்குகள் உண்டு. அதே வாரத்தில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் உத்தரவு நகலோடு ஆட்சேபக் கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மின் இணைப்பும் வரி ரசீதும் உரிமையைத் தராது. ஆனால் சுவாதீனத்துக்குச் சான்றாக நாளைக்கு எதிராளி நீட்டுவது அவற்றைத்தான்.

டிக்ரி கிடைத்த பிறகும் சாவி கைக்கு வராது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா வந்து இடத்தை ஒப்படைக்க வேண்டும். தடுப்பார்கள் என்று தோன்றினால் போலீஸ் பாதுகாப்புக்கும் பூட்டு உடைக்கவும் தனித்தனியாக முன்கூட்டியே மனுப் போடுங்கள். பூட்டிய கேட்டைப் பார்த்து அமீனா திரும்பினால் அடுத்த வாய்தாதான். ஒப்படைப்பு நாளில் வேலிக்காரரும் கல்லும் கம்பியும் தயாராக நிற்கட்டும், அன்று மாலைக்குள் சுற்றி அடைத்துவிட வேண்டும். அமீனா அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கி, அந்தத் தேதியோடு கோப்பில் வையுங்கள்.