கையில் பிடிக்காத தூண்டில்

ஒன்பது கிலோக் கெண்டை. ஈர மெத்தையில் கிடத்தி, முள் ஏறிய உதட்டில் மருந்து தடவி, படம் எடுத்து, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிட்டார் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் என்றால் அது எங்கள் ஒழுங்கைக்கே ஆணம்.

சரி, கார்ப் கெண்டையை இங்கிலாந்தில் தின்பதற்குப் பிடிப்பதில்லை. அதற்குப் பழகிவிட்டேன். அவர் தூண்டில் போடும் விதம்தான் மனதில் ஒட்டவில்லை. 12 அடிக் கார்பன் கம்புகளைத் தாங்கியில் வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் படுத்துவிடுகிறார். மீன் இழுத்தால் கருவி கத்தும், இவர் எழும்புவார்.

அவருடைய தகப்பனாரின் கம்பைக் காட்டினார். ஆறு மூங்கில் சிம்புகளைச் சீவி ஒட்டியது. 1952இல் ரிச்சர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயத் தூண்டில்காரர் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் கெண்டையைப் பிடித்தது இந்த வகைக் கம்பில்தான். அந்த மீன் பிறகு லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் வாழ்ந்ததாம். மூங்கிலுக்குப் பிறகு கண்ணாடி நார், அப்புறம் கார்பன். உருளைக்கிழங்கும் பாணும் போய், முட்டை சேர்த்துப் பிசைந்து அவித்த மா உருண்டை வந்தது. 1980 வாக்கில் இரையை முள்ளில் குத்தாமல், பக்கத்தில் மெல்லிய நூலில் தொங்கவிடத் தொடங்கினார்கள். மீன் உறிஞ்சிப் பார்த்துத் துப்பும்போது வெறும் முள் உதட்டில் ஏறிவிடும். கெட்டிக்கார வேலைதான், நான் வாய்பிளந்து கேட்டேன்.

ஆனால் அந்த மூங்கிலைத் தொட்டதும் உன்னிச்சைக் குளத்தில் மாமாவோடு நிற்கிறேன். முள் ஒரு துளிகூட வெளியே தெரியாமல் இரையை உருட்டிப் பொதிவார். தங்கூசி நூலை என் ஆட்காட்டி விரலில் போட்டுவிட்டு, "மகன், கண்ணால பார்க்காத, விரலால கேள்" என்பார். பனையான் விடாமல் கொத்தும். கெளுத்தி விழுங்கிக்கொண்டு கீழே இழுக்கும். விரால் எடுத்தால் கை அதிரும். மீன் கரைக்கு வருமுன்னே மாமா பேரைச் சொல்லிவிடுவார். கருவிக்கு எல்லா மீனும் ஒரே சத்தம்தான்.

என் மகனுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. அவனுக்கென்று பழைய மூங்கில் கம்பு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். விலைதான் கூட.